இரண்டாவது பொத்தான்

மார்ச் 3, திங்கள்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். இரண்டு வாரம். என் தலையில். ‘தொழிற்சாலை அனுபவம்’ என்று பள்ளியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். டிப்ளமா படித்தது ஆயா வேலை பார்க்கவா? பாதுகாப்புப் பாடத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 5

ஒருத்திக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்துவிட்டேன். வாய் ஓயாது. தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ்ஸில் எதற்கு இரண்டு பொத்தான் என்று கேட்டாள்.

“ரெண்டையும் சேர்த்து அமுக்குனாத்தான் அச்சு இறங்கும். ரெண்டு கையும் வெளிய இருக்கும்ல?”

“அப்ப நீங்க மட்டும் ஏண்ணா ஒண்ணுல ரப்பரைச் சொருகி வச்சிருக்கீங்க?”

“எனக்குப் பழக்கம். நீ வேலையைப் பாரு.”

இடது கையால் தகட்டைப் பிடித்துக்கொள்ளலாம், வேலை ஓடும். பழைய மெஷின், ரப்பர் அமுக்கினாலும் கை என்று ஏமாறும். இங்கே எல்லாரும் செய்வதுதான்.

மார்ச் 6

நானூறு தகடு. தலைவலி.

மார்ச் 7, வெள்ளி

என் எழுத்து எனக்கே புரியவில்லை.

அளவுகோல் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். மூன்றே நிமிடம். மெயினை அணைக்கவில்லை. ரப்பரையும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது — டம். நான் இல்லாமல் என் பிரஸ் எப்படி அடிக்கும்?

ஓடினேன். கேள்விக்குறி நின்றிருந்தாள். கையுறையின் நடுவிரல் நுனி அச்சுக்கடியில் காகிதமாய் நசுங்கிக் கிடந்தது. அவள் விரல்? இரண்டு கையையும் பிடித்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பத்து. கையுறை அவளுக்குத் தொளதொள. அளவுகூடப் பார்க்காமல் நான் தூக்கிக் கொடுத்தது.

“நீங்க செஞ்ச மாதிரியேதாண்ணா செஞ்சேன்.”

அப்புறம் மெதுவாக: “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்பா அப்புறம் அனுப்பவே மாட்டாரு.”

மார்ச் 8

ஃபோர்மனிடம் சொன்னேன். “விரல் இருக்குல்ல? அப்புறம் என்னடா? சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே.”

சோறு இறங்கவில்லை. “காய்ச்சலாடா?” என்று அம்மா நெற்றியில் கை வைத்தாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கதவு சாத்தினாலும் அந்த டம். வேலை போய்விடும் என்ற பயமா இது? அதுவும்தான். ஆனால் நாளைக்கு அவள் வருவாள். என் ரப்பரை நான் எடுத்துவிடலாம். மற்ற நான்கு பிரஸ்? அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகள்? ஐயோ, இன்னும் அரை அங்குலம் உள்ளே போயிருந்தால்...

மார்ச் 10

பள்ளியிலிருந்து டீச்சர் படிவத்தோடு வந்தார். ‘விபத்து, அல்லது மயிரிழையில் தப்பியது ஏதேனும் உண்டா?’ “ஒண்ணும் இருக்காது தம்பி, ‘இல்லை’ன்னு டிக் போட்டுக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

எழுதினேன். ரப்பர் சொருகியது யார் என்பது உட்பட. டீச்சர் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது.

“உனக்குக் கொழுப்புடா,” என்றார் ஃபோர்மன்.

மார்ச் 13

ஐந்து பிரஸ்ஸும் நிற்கின்றன. விசாரணை முடியும்வரை எனக்கு மெஷின் கிடையாது, ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அது எனக்கு எதிரில்தான்.

“நல்லா மாட்டி விட்டீங்கண்ணா. பெட்டி ஒட்டவா நான் வந்தேன்?” அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

டேப்பின் முனை ஒட்டிக்கொண்டுவிட்டது போல. நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தேடிக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவள் கண்டுபிடிக்கும்வரை அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.