ஓடுதளத்தில் விளக்கு எரிந்த மாலை

மார்ச் 2

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நீயும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? போன் போட்டால் நீ எடுப்பதே இல்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று வாலு சொன்னாள். பதினைந்து வயதில் உன் மகள் பெரிய மனுஷி மாதிரி பேசுகிறாள். சரி, கடிதத்தை யார் வாங்கி வைப்பார்கள் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

விமான நிலையம் ஒருவழியாகக் கட்டி முடிந்தது. மூன்று வருடமாகத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பயணிகளிடம் பேச்சு வாங்கினோமே, அந்தப் பாடு தீர்ந்தது. ஓடுதளத்தை இரண்டு மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். கடல் பக்கம் பாறைச் சுவர். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வெறும் தூண்கள்தான். இன்னொரு முறை கடல் ஏறினால் தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடுமாம்.

மே 14 திறப்பு விழா. எனக்கு ஒரு கேடயம் தரப்போகிறார்களாம். கடல் ஊருக்குள் ஏறிய அன்று மாலை கடைசியாக இறங்கிய விமானத்தில் இருந்த அறுபத்து நான்கு பேரையும் மாடிக்கு ஏற்றிக் காப்பாற்றியதற்காக. வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. நீயும் வாலுவும் கட்டாயம் வர வேண்டும். முன்வரிசையில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. வருகைக் கூடத்தில் ஒரு கருங்கல் சுவர் எழுப்பி, அன்று பணியில் இறந்த பதினோரு பேரின் பெயரையும் வெட்டுகிறார்கள். மாப்பிள்ளையின் பெயர் அதில் இல்லை. விசாரணை அறிக்கையில் இருப்பதைத்தான் வெட்ட முடியுமாம். அங்கே வந்து பார்த்து நீ மனம் நொந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடலாம் என்று எழுதினேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. உனக்குக் கேடயம் என்று கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மேற்பார்வைக்கார அம்மாள், "அப்படியா, உன் அண்ணனா அது!" என்று எனக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்குப் போக அனுமதி கொடுத்தாள். உன்னால் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அவ்வளவுதான்!

சுவரைப் பற்றி நீ தயங்கித் தயங்கி எழுதியிருக்க வேண்டாம். அவர் பெயரை எந்த முகத்தோடு நான் கேட்பேன்? கடல் வருகிறது என்று ஊரே மேலே ஓடும்போது, பைக்கை எடுக்கக் கீழே ஓடிய மனிதர் அவர். வாங்கி நாற்பது நாள் ஆன பைக். நானும் மகளும் அந்தப் பைக் அளவுக்குக்கூட அவர் நினைவில் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. செத்தவரை இப்படிப் பேசக் கூடாதுதான். பேசுகிறேன். மூன்று வருடமாக மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்கிறேன். ஈரப் படுக்கைவிரிப்பைப் பிழியும்போது சில நாள் அவர் கழுத்து என்றே நினைத்துக்கொள்வேன்.

வாலு அவர் படத்தைத் தன் அறையில் வைக்க விடவில்லை. பள்ளியில் ஒருத்தி, "உங்கப்பா பைக்குக்காகச் செத்தவர்தானே?" என்று கேட்டாளாம். அன்றைக்குக் கழற்றியதுதான்.

அவருக்கு விமான நிலையத்து எலெக்ட்ரீஷியன் வேலையை வாங்கிக் கொடுத்தவன் நீ. உனக்கும் தலைகுனிவு வைத்துவிட்டுப் போனார். நீ ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை, அதை நான் மறக்கவில்லை.

அண்ணியின் முட்டி வலி எப்படி இருக்கிறது? விழாவுக்கு வரப் பார்க்கிறேன்.

உன் அன்புத் தங்கை
குட்டி

மார்ச் 19

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை. மாப்பிள்ளையை அப்படியெல்லாம் நினைக்காதே, அம்மா. அந்த நேரத்தில் யாருக்கு என்ன தோன்றும் என்று யார் கண்டார்கள்? ஆளுக்கொரு திசையில் ஓடினோம். அவர் நல்ல மனிதர். வாலுவிடம் அந்தப் படத்தை மறுபடி மாட்டச் சொல், மாமா சொன்னதாகச் சொல்.

பழையதைக் கிளறாமல் இருப்போம். பஸ் டிக்கெட் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, என்னைத் திட்டும் தெம்பு வந்துவிட்டது.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

நேற்று ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்தேன். உங்கள் தீயணைப்பு வண்டியை ஓட்டினாரே, தாடிக்காரர். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்றாவது வார்டில் படுத்திருக்கிறார். விரிப்பு மாற்றப் போனவளைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்.

"எலெக்ட்ரீஷியன் வீட்டுக்காரம்மாதானே? சுவர்ல அவர் பேரு இல்லையாமே. நியாயமா இது?" என்றார்.

"பைக் எடுக்கப் போனவர் பேரை எப்படிங்க போடுவாங்க?" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அதட்டியும் படுக்கவில்லை.

"பைக்கா? யாரும்மா சொன்னது? அவரை அனுப்பினதே உங்கண்ணன்தான். வண்டியில வாக்கி டாக்கி இருந்துச்சு, நான் என் காதால கேட்டேன். நிலநடுக்கத்துல கரண்டு போயிருச்சு. விமானம் ஒண்ணு வட்டமடிக்குது, வேற எங்கயும் போக எண்ணெய் இல்ல. கீழ்த்தளத்துல ஜெனரேட்டர் தானா ஓடணும், ஓடல. உங்கண்ணன் சொல்றாரு, 'மாப்ள, கீழ போய்க் கையால போட்டுட்டு வந்துரு, ரெண்டு நிமிஷ வேலை'ன்னு. இவர் கேக்கறாரு, 'தண்ணி வருதுன்னு சொல்றாங்களே மச்சான்?'னு. 'நான் இருக்கேன்ல, போ'ன்னாரு."

"அப்புறம்?" என்றேன்.

"விளக்கு வந்துச்சும்மா. ஓடுதளம் பூராவும் வந்துச்சு. விமானம் இறங்குச்சு. ஆனா கீழ இருந்தவருக்கு அது தெரியாதுல்ல? 'லைட்டு வந்துருச்சா மச்சான்?'னு கேட்டாரு. பதில் இல்ல. திரும்பக் கேட்டாரு. மூணு தடவ கேட்டாரும்மா. என் வாக்கி டாக்கில பேசற பொத்தான் உடைஞ்சு கெடந்துச்சு, கேக்க மட்டுந்தான் முடிஞ்சுது."

விசாரணையில் அவரைக் கூப்பிடவே இல்லையாம். உன்னிடம் கேட்டதற்கு, "எழுதிக் கொடுத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு" என்றாயாம்.

அண்ணா, அவர் மருந்து மயக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று நீ சொன்னால் நான் நம்பத் தயார். நம்பத்தான் ஆசைப்படுகிறேன். ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுது.

குட்டி

ஏப்ரல் 15

குட்டி,

ஆமாம்.

அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

எச்சரிக்கை மணி அடித்த பிறகு யாரையும் கீழே அனுப்பக் கூடாது என்பது விதி. அன்றைய ஷிப்டுக்குப் பொறுப்பாளன் நான். அந்த விதியைப் படித்துக் கையெழுத்துப் போட்டவனும் நான். ஆனால் வானத்தில் அறுபத்து நான்கு பேர். இருட்டிக்கொண்டு வருகிறது. கடல் வர இருபது நிமிடம் இருக்கிறது என்றார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கடல் பதினாலாவது நிமிடத்திலேயே வந்துவிட்டது.

அவர் கேட்டது என் காதில் விழுந்தது. மூன்று முறையும் விழுந்தது. அந்த நேரம் நான் இறங்கியவர்களைப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் யாருடைய குழந்தையோ. இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். "வந்துருச்சு, மேல வா" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஜெனரேட்டர் நின்றுவிடுமோ என்று என் பதிலுக்காக அங்கேயே காவல் இருந்திருக்கிறார்.

விசாரணையில், ஊழியர் ஏன் கீழ்த்தளத்தில் இருந்தார் என்று கேட்டார்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில்தான் ஊழியர் வண்டி நிறுத்தம். "பைக்கை எடுக்கப் போயிருக்கலாம்" என்றேன். போயிருக்கலாம் என்றுதான் சொன்னேன். எழுதியவர் "போனார்" என்று எழுதினார். படித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். நான் திருத்தவில்லை. ஜெனரேட்டர் தானாகவே ஓடியது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து உன்னிடமாவது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது நீ அவரைத் திட்டிக்கொண்டிருந்தாய். திட்டுகிறவளுக்கு அழுகை குறையும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் ஒவ்வொரு மாதமும் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

வேலை போகும், வழக்கு வரும். உன் அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்காகவாவது இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. வாலுவின் படிப்பு முழுக்க என் பொறுப்பு. என்ன கேட்டாலும் செய்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணா,

வாலுவின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மே 14 அன்று உன் கையில் மைக் கொடுப்பார்கள். விளக்கைப் போட்டது யார், அவரை அனுப்பியது யார் என்று இரண்டு வரி சொல். மூன்று வருடம் நான் அவரைத் திட்டியதை யாராலும் திரும்பப் பெற முடியாது. ஆனால் உன் வாயாலேயே நீ சொல்லிவிட்டால், உனக்கு என்ன வந்தாலும் நான் உன் பக்கம் நிற்பேன். நீதிமன்றத்துக்கும் கூட வருவேன். இது சத்தியம்.

முன்வரிசை வேண்டாம். எங்கேயாவது உட்கார்ந்துகொள்கிறோம்.

குட்டி

மே 17

அண்ணா என்று தொடங்கிப் பார்த்தேன். கை வரவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் வந்திருந்தோம். ஏழாவது வரிசை, தூணுக்குப் பக்கம். நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும், பார்த்ததும் தண்ணீர் குடித்தீர்கள். மைக்கை வாங்கி நான்கு நிமிடம் பேசினீர்கள். கட்டடம் கட்டியவர்களுக்கு நன்றி, பொறியாளர்களுக்கு நன்றி. "நான் என் கடமையைத்தான் செய்தேன்" என்றீர்கள். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றீர்களே, அப்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். இதோ சொல்லப்போகிறார், என் கூடப் பிறந்தவர் என்று நினைத்தேன். "அனைவருக்கும் வணக்கம்" என்று சொல்லி இறங்கிவிட்டீர்கள்.

பிறகு எல்லோரையும் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார்கள். ஜெனரேட்டரை இப்போது மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். கூட வந்த பெண், "எவ்வளவு வெள்ளம் வந்தாலும் இனி யாரும் கீழே போக வேண்டியதில்லை" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் கடிதத்தை வாலுவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "மாமா ஏன்மா பதில் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். வீடு வரும்வரை என் கையை விடவே இல்லை.

ஒன்று உங்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். அன்று நீங்கள் அவரை அனுப்பியதை நான் மன்னித்திருப்பேன். அறுபத்து நான்கு பேர் என்றால் நானே அவரைப் போகச் சொல்லியிருப்பேனோ என்னவோ. பதில் சொல்லாமல் விட்டதைக்கூட அழுது அழுது ஒருநாள் மன்னித்திருப்பேன். ஆனால் செத்த மனிதரை என் கையாலேயே மூன்று வருடம் திரும்பத் திரும்பக் கொல்ல வைத்தீர்கள். என் சமையலறையில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அதைக் கேட்டீர்கள்.

கடிதத்தை நான் எரிக்கவில்லை. நேற்றுக் காலை விசாரணை அலுவலகத்தில் நகல் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். தாடிக்காரரும் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். கோப்பு மூடிவிட்டது என்றார்கள். திறக்கும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். மதியத்துக்கு மேல் திறந்தார்கள்.

அண்ணியிடம் நீங்களே இன்றைக்குச் சொல்லிவிடுங்கள். அவர் வேறு யார் வாயிலிருந்தும் கேட்க வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதினேன்.

பதில் போட வேண்டாம். அடுத்த மாதம் விசாரணைக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். நானும் வருவேன், எதிர்ப்பக்க நாற்காலியில் இருப்பேன்.

எலெக்ட்ரீஷியனின் மனைவி