றோட்டில் தண்ணீர் நிற்கவில்லை

அண்ணை,

முந்தநாள் உங்கள் குழாய்களைத் தோண்டி எடுத்தார்கள்.

அரிசி ஆலைக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில்தான். புதிய காப்பெற் தார் றோட்டுக்காகப் பழைய மண்ணை அள்ளிக்கொண்டு போன இயந்திரம், சீமெந்துக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் உருட்டிவிட்டது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். ஒரு குழாயின் விளிம்பில் உள்ளங்கை அளவுக்குச் சீமெந்து உடைந்திருந்தது. அதை உடைத்தது என் அலவாங்கு. ஈரக் கிறவல் மண்ணின் மணம் மூக்கில் ஏறியது, கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

அன்போடு நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். கோபத்தோடுதான் நினைத்தேன். செத்தவரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது முடியாமல் போன சண்டையை நான் வேறு யாரோடு போய்ப் பிடிப்பது?

அது யுத்தத்தின் பொருளாதாரத் தடைக்காலம். சீமெந்து வராது, தார் வராது, டீசல் வராது. வன்னிக்குள் தாராளமாக வந்தவை வெயிலும் மழையும்தான். அந்த நாட்டில் நாங்கள் நாலு பேர் றோட்டுப் பரிசோதனைக் குழு. நீங்கள் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர், நான் அலவாங்கால் குழி தோண்டுபவன், மற்ற இருவரும் நூலும் பலகையும் பிடிப்பவர்கள். முரசுமோட்டைத் தேநீர்க் கடைக்காரர் எங்களைக் கண்டால் சும்மா விடமாட்டார். றோட்டைக் காணவில்லை, சோதிக்கிறவர்களுக்கு மட்டும் குறைவில்லை என்பார். நீங்கள் சிரித்துக்கொண்டே பனங்கட்டியைக் கடித்து வெறுந்தேநீர் குடிப்பீர்கள்.

காலையில் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டுப் புறப்படுவோம். சைக்கிள் பாரில் அலவாங்கைக் கட்டியிருப்பேன், ஹாண்டிலில் வாளி தொங்கும். புதிதாகக் கிறவல் போட்ட இடங்களில் குழி தோண்டுவேன். நீங்கள் குந்தியிருந்து, கையை உள்ளே விட்டு, சாண் கணக்கில் மண்ணின் தடிப்பைப் பார்ப்பீர்கள். றோலருக்கு எண்ணெய் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓடும் உழவு இயந்திரத்தை மேலும் கீழும் ஓட்டித்தான் மண்ணை இறுக்கினார்கள். இறுகாத இடத்தை உங்கள் குதிக்கால் கண்டுபிடித்துவிடும். விமானச் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு றோட்டோரக் கான் பள்ளத்துக்குள் படுப்போம். சத்தம் போனபின் எழும்பி, விட்ட குழியிலிருந்து தொடங்குவோம்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. றோட்டின் நடுவில் நின்று ஒரு வாளித் தண்ணீரை மெதுவாகச் சரிப்பீர்கள். அது குட்டையாக நின்றால் திரும்பவும் கொத்திக் கட்ட வேண்டும். ஓடி வடிந்தால், "தண்ணி நிக்கேல்லை" என்பீர்கள். அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அந்தத் துண்டு வேலை முடிந்ததாகக் கணக்கு.

இன்னொன்றும் சொல்வீர்கள். "தண்ணிக்கு ஆளைத் தெரியாது, பள்ளத்தைத்தான் தெரியும்." எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்திருந்தது. நாங்கள் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த சனம். கமக்காரரின் வயலில் கூலிக்கு இறங்கும்போது எங்களுக்குப் பெயர் உண்டு, கரையேறினால் தோட்டக்காட்டார். ஆளைப் பார்த்துக் கதிரை போடும் ஊரில், ஆளைப் பார்க்காத ஒன்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். நீங்களும் அப்படித்தான் என்று நம்பினேன். எங்கள் வீட்டில் ரொட்டியும் சம்பலும் தின்றீர்கள். என் மகள் மல்லிகாவை மடியில் வைத்துக் கதை சொன்னீர்கள். அந்த ஊரில் அப்படிச் செய்த வேறு ஒருவரை எனக்குத் தெரியாது.

எங்கள் குடியிருப்பு காட்டுக்கும் றோட்டுக்கும் நடுவில். மாரியில் தண்ணீர் காட்டிலிருந்து இறங்கி, எங்கள் முற்றங்களைக் கடந்து, பள்ளமாய்க் கிடந்த றோட்டின் மேலால் பாய்ந்து, மறுபக்கத்து வயல் வாய்க்காலில் விழும். அந்த றோட்டை உயர்த்திக் கிறவல் போடும் வேலை வந்தபோது, இந்தப் பள்ளத்தில் தண்ணீர் கீழால் போக மதகு வைக்காமல் மண் போட்டால் அது றோட்டல்ல, அணைக்கட்டு என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான். நான் சொல்லவில்லை.

மதகுக்குக் குழாய் வேண்டும். சீமெந்தே இல்லாத இடத்தில் குழாய்க்கு எங்கே போவது? பரந்தனுக்கு அப்பால், ஆனையிறவுப் பக்கமாக, சனம் விட்டுப் போன ஒரு கிளை றோட்டில் பழைய மதகு ஒன்று கிடப்பதாக நீங்கள் அறிந்து வந்தீர்கள். இராணுவ முகாமிலிருந்து பார்த்தால் எங்கள் தலை தெரியக்கூடிய வெட்டவெளி. குனிந்தபடியே தோண்டினோம். உப்புக்காற்றில் கண் எரிந்தது. ஹெலி வந்த சத்தத்தில் என் கை தடுமாறி அலவாங்கு குழாயின் விளிம்பில் விழுந்தது. எல்லோரும் பள்ளத்துக்குள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தோம். உங்கள் முகமெல்லாம் சேறு. ஹெலி திரும்பிப் போனதும் உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்.

"அடையாளம் வைச்சிட்டாய், முத்து. இனி இதை ஒருத்தரும் களவெடுக்கேலாது."

ஒரு மதகுக்குச் சரியாகப் போதுமான குழாய்கள் கிடைத்தன. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து எங்கள் குடியிருப்பு வாசலில் இறக்கினோம். சனம் வந்து தொட்டுப் பார்த்தது. பிள்ளைகள் உள்ளே நுழைந்து மறுபக்கத்தால் வந்தார்கள். மல்லிகா உடைந்த குழாய்க்குள் இருந்து பாடினாள். குரல் பெரிதாகக் கேட்கிறது என்று வெளியே வர மறுத்தாள். அந்த மாரியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்று என் மனைவி மண்சுவருக்குப் புதிதாக மெழுகினாள்.

பிறகு ஒருநாள், வட்டக்கச்சிப் பக்கத்தில் கிறவல் அள்ளும் கிடங்கில் மண் எப்படி என்று பார்த்து வரும்படி என்னைத் தனியே அனுப்பினீர்கள். வழக்கமாக எல்லோரும்தான் போவோம். நான் ஒன்றும் யோசிக்காமல் போனேன். பொழுது சாயத் திரும்பி வந்தால் வாசலில் குழாய்கள் இல்லை. உழவு இயந்திரத்தின் சில்லுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். அது அரிசி ஆலைக்காரரின் ஒழுங்கையில் போய் முடிந்தது. அவருடைய நெல் வண்டிகள் மாரியில் புதையாமல் போய்வர அங்கே மதகு வைத்து, மேலே மண்ணும் போட்டாகிவிட்டது. ஆலை விறாந்தையில் நீங்கள் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்தீர்கள்.

உங்கள் தங்கச்சியை ஆலைக்காரரின் மகனுக்குப் பேசியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் பள்ளத்தில் மதகு வைத்தால் வாய்க்கால் நிரம்பித் தன் வயலுக்குள் தண்ணீர் வரும் என்று அவர் நினைத்தாராம். தோட்டக்காட்டார் பக்கத்துக்கு எதற்கு மதகு என்று கேட்டாராம். இதையெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"அவளின்ரை அலுவல் சரிவரட்டும். மழைக்கு முதல் உங்கடை பக்கத்துக்கும் ஒரு வழி பாப்பம். நீ விளங்கிக்கொள்ளுவாய்."

விளங்கிக்கொண்டேன், அண்ணை. அதுதான் கொடுமை. தங்கச்சிக்காக ஒரு அண்ணன் எங்கே வளைவான் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் வளைந்ததில் முறிந்தது எங்கள் முதுகு.

வேறு குழாய் கிடைக்கவில்லை. நீங்கள் தேடியதாகவும் எனக்குத் தெரியவில்லை. றோட்டை உயர்த்தினார்கள். எங்கள் பள்ளத்தில் மட்டும், வயல் பக்கம் ஒரு துளியும் போகாதபடி, முழு றோட்டையும் எங்கள் பக்கம் சரித்துக் கட்டினீர்கள். பொறியியலாளர் பார்வையிட வந்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னீர்கள். பக்கத்தில் இருந்தது என் கிணறுதான், நானே அள்ளிக் கொண்டுவந்தேன். நீங்கள் நடுவில் நின்று சரித்தீர்கள். என் கிணற்றுத் தண்ணீர் என் படலையை நோக்கி அழகாக ஓடியது.

"தண்ணி நிக்கேல்லை, சேர்" என்றீர்கள்.

அவர் தலையாட்டினார். நான் வெறும் வாளியோடு முன்னுக்கு வந்து, "மழைன்னா ஒரு வாளி இல்லைங்க ஐயா" என்றேன். அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் சும்மா பயப்படுகிறேன் என்றும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அவரை அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போனீர்கள். நீங்கள் சொன்னது பொய்யும் அல்ல. றோட்டில் தண்ணீர் நிற்கவில்லைதான்.

கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. காட்டுத் தண்ணீர் வந்து றோட்டில் முட்டித் திரும்பி எங்கள் வீடுகளுக்குள் ஏறியது. ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு றோட்டுக்கு ஓடினோம். றோட்டைப் பாதுகாக்கச் சம்பளம் வாங்கிய நான்தான் முதல் வெட்டு வெட்டினேன். மழைக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். மறிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். ஒருவரிடம் மண்வெட்டியை வாங்கி நீங்களும் எங்களோடு நின்று வெட்டினீர்கள். வெட்டத் தெரிந்த கைக்கு மதகு வைக்கத் தெரியாமல் போய்விட்டதே என்றுதான் எனக்கு எரிந்தது.

தண்ணீர் வயல் பக்கம் பாய்ந்தபோது என் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. மனைவி மெழுகிய சுவர். மல்லிகா அதன் கீழே இருந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது முழங்கால் மட்டும் போய்விட்டது. அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு பிஸ்கற் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். தடைக்காலத்தில் பிஸ்கற் எங்கே தேடினீர்களோ தெரியாது. அவளுடைய கட்டுப் போட்ட காலைப் பார்க்காமல் தலையைத் தடவினீர்கள்.

"தண்ணி இவ்வளவு வருமெண்டு நான் நினைக்கேல்லை, முத்து."

"நினைச்சிங்க, அண்ணை. நினைச்சதாலதான் என்னைக் கிறவல் கிடங்குக்கு அனுப்பினிங்க."

நாம் கடைசியாகப் பேசியது அதுதான். பிறகும் ஒரே குழுவில் வேலை செய்தோம். நீங்கள் கையை நீட்டுவீர்கள், நான் வாளியைத் தருவேன். அவ்வளவுதான்.

கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது எல்லோரும் சிதறினோம். நீங்கள் மல்லாவியில் காய்ச்சலில் கிடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு வந்தபோது ஓலைக் கொட்டிலுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். தூக்க ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஊரில் என்றால் உங்கள் பாடைக்குப் பக்கத்தில் என்னை விட்டிருப்பார்களா? தோள் கொடுத்தேன். அழுதேன். கோபம் மட்டும் இறங்கவில்லை.

ஆலைக்காரர் குடும்பம் அதற்கு முன்பே வெளியேறும் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடும் போய்விட்டது. அந்தக் கலியாணம் நடக்கவில்லை, உங்கள் தங்கச்சி இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறா. என் மல்லிகாவைப் பெண் பார்க்க வந்தவர்களும் அவள் தேநீர் கொண்டுவந்த நடையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குழாய்களால் நன்மை கண்டவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

யுத்தம் முடிந்து நாங்கள் அதே குடியிருப்புக்குத் திரும்பி வந்தோம். இப்போது மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்து றோட்டைச் சோதிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். எங்கள் பள்ளத்துக்கு மதகு வருகிறதா என்று அவர்களின் பெரியவரிடம் கேட்டேன். றோட்டு வரைபடத்தை விரித்துப் பார்த்தார். படத்தில் இல்லை.

"பயப்பிடாதேங்கோ ஐயா. றோட்டிலை தண்ணி நிக்காது" என்றார்.

அன்றைக்கும் நிற்கவில்லை தம்பி என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறேன், பார்ப்போம். பிறகு கரையில் கிடந்த உடைந்த குழாயைக் காட்டி, எடுக்கலாமா என்று கேட்டேன். எறியப்போகிற சாமான்தானே, கொண்டு போங்கோ என்றார்.

வாய் கொப்பளித்துத் துப்பினாலும் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அது நீங்கள் தந்தது. உங்கள் மேலுள்ள கோபமும் நீங்கள் தந்ததுதான். இரண்டையும் பிரித்து வைக்க எனக்கு வழி தெரியவில்லை, அதனால் சேர்த்தே சுமக்கிறேன்.

அயலில் இரண்டு பேரைப் பிடித்துக் குழாயை உருட்டிக்கொண்டு வந்து படலைக்குள் விட்டேன். மல்லிகா காலை இழுத்துக்கொண்டு வந்து அதன் உடைந்த விளிம்பைத் தடவினாள். பாடியது அவளுக்கு நினைவில்லை. யாருடைய குழாய் அப்பா என்று கேட்டாள்.

"எங்கடைதான் பிள்ளை" என்றேன். "வந்து சேரச் சுணங்கிப்போச்சு."