நீங்கள் வாய் வைத்துக் குடித்த கூழ்

அக்கா,

இன்று காலை வார்டில் ஒரு பெரியவரின் கட்டிலருகே அவர் மருமகள் ஒரு மண் கலயத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் வாயைப் பூவரச இலையால் மூடிக் கட்டியிருந்தாள். கட்டை அவிழ்த்ததும் புளித்த கேழ்வரகுக் கூழின் வாசனை வந்தது. பசியைக் கிளப்புகிற வாசனைதான். வெயில் நேரத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதைவிட நல்ல வாசனை கிடையாது. என் கையிலிருந்த பீங்கான் கிண்ணம் நழுவி விழுந்தது. சில்லுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். கூட வேலை செய்கிறவள் வந்து, "இன்னாச்சி உனக்கு? மூஞ்சே வெளுத்துப் போச்சி" என்றாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். யாரிடம் சொல்வது? உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

உங்களை ஒருநாளும் நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. சேரி முழுவதும் கூப்பிட்ட மாதிரி நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டேன். "உன்னவிட நாலஞ்சு வயசுதான் பெரியவ, அக்கான்னு சொல்லேன்" என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை. அப்போது எனக்கு எழுதவும் தெரியாது. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துதான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் சேரி ஆம்பூருக்கு வெளியே, தோல் கிடங்குக்கும் பாலாற்றுக்கும் நடுவில் இருந்தது. என் வீட்டுக்காரர் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுவார். நான் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பேன். விடிந்தும் விடியாமலும் கிடங்கில் மணி அடித்துவிடும். அந்நேரத்துக்கு அடுப்பு மூட்டப் பொழுதும் இல்லை, விறகும் இல்லை. அதனால்தான் எங்களுக்குக் கூழ். மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, சாயங்காலம் நொய் போட்டுக் கிண்டி இறக்கிவிட்டால் காலையில் ஆறி இறுகிக் கிடக்கும். அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கையால் கரைத்து, உப்புப் போட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஓடுவோம். என் மாமியார் கரைத்தால் கட்டி என்பதே இருக்காது. தெருவே அவள் கைக்கூழைப் புகழும்.

அந்த வருடம் மழை தப்பிப்போய் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. பிறகு ஒரே ஒரு பெருமழை வந்தது. கிடங்குச் சாக்கடையையும் மேட்டில் ஜனங்கள் வெளிக்குப் போகிற இடத்தையும் கழுவிக்கொண்டு வந்து, ஆற்று மணலில் தோண்டியிருந்த ஊற்றுக் குழிகளில் இறக்கியது. மேற்குக் கோடியில் ஒரு வீட்டில் வாந்தி பேதி கண்டது. சுகாதாரத்துக்காரர்கள் வந்து எங்கள் கிணற்றில் மருந்து கரைத்தார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. அந்த நிறத்தைப் பார்த்ததும் எல்லாரும் பயந்துபோய்க் கிணற்றை விட்டுவிட்டு ஊற்றுக்குப் போனோம். ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அதில் என்ன இருந்ததென்று அப்போது யாருக்குத் தெரியும்?

நீங்கள் ஒரு கம்பவுண்டரோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினீர்கள். சேரி ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு நோயாளிகளைக் கிடத்தினீர்கள். பகலெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சுதான்.

"கூழு கெட்டது இல்லம்மா. அது அடுப்புல வெந்தது, புளிச்சது, அதுல பயம் கம்மி. ஆறின பின்னால ஊத்துறீங்களே பச்சத் தண்ணி, நோவு அதுல இருக்குது. கரைக்கிற கையில இருக்குது. தண்ணியக் காய்ச்சி ஊத்துங்க. இல்லன்னா கரைச்ச கூழ மறுபடி ஒரு கொதி கொதிக்க விட்டுக் குடிங்க."

என் மாமியார் சிரித்தாள். "புளிச்சதுல பூச்சி நிக்காது நர்ஸம்மா. எங்க பாட்டன் பூட்டன் குடிச்ச கூழு இது."

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. "காய்ச்ச வெறகு யாரு குடுப்பா? ஒருவேள அடுப்பு எரியறதே பேஜாரா கீது. காலைலயும் எரிக்கச் சொல்றீங்க."

நீங்கள் நேரே கிடங்கு வாசலுக்குப் போனீர்கள். சாறு இறங்கிய பட்டைச் சக்கை மலையாகக் குவிந்து கிடக்கும், அதையாவது எரிக்கக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டீர்கள். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆனால் மழையில் ஊறிய சக்கை எங்கே எரியும்? நடுத்தெருவில் மூன்று கல்லைக் கூட்டி, ஊதுகுழலை வைத்துக்கொண்டு நீங்கள் ஊதினீர்கள். புகையில் கண்ணீரும் மூக்குமாக உட்கார்ந்திருந்தீர்கள். பானைத் தண்ணீர் வெதுவெதுப்பானதோடு சரி. சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் வேறொரு பேச்சும் இருந்தது. வாலாஜாபேட்டையில் உயர்ந்த தெருவில் பிறந்தவர் நீங்கள். சின்ன வயதிலேயே தாலியறுத்தவர். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து நர்ஸுக்குப் படிக்கப் போனதும் வீட்டார் உங்களைத் தலைமுழுகிவிட்டார்கள். இதெல்லாம் கம்பவுண்டர் சொல்லி எங்களுக்குத் தெரியும். குடிப்பதற்குக் காய்ச்சின தண்ணீரைப் புட்டியில் அடைத்துக் கையோடு கொண்டு வருவீர்கள். ஜனங்கள் அந்தப் புட்டியைத்தான் பார்த்தார்கள். "அவங்க நம்ம வூட்டுல ஒரு வாய் குடிச்சி நீ பாத்தியா? தெருவ வுட்டு வந்தாலும் தெருவு அவங்கள வுடல. அதுக்கு நோவுன்னு ஒரு சாக்கு" என்று பேசிக்கொண்டார்கள். அது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒருநாளும் நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு என் வீட்டில் இறங்கியது நோய். காலையில் கூழ் குடித்து வேலைக்குப் போனவரை மத்தியானம் இரண்டு பேர் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மாட்டுத் தோலை ஒரே இழுப்பில் தொட்டியிலிருந்து தூக்குகிற மனிதர். பொழுது சாய்வதற்குள் கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிப்போனது. "தண்ணி, தண்ணி" என்று கேட்டார். கொடுத்தால் வந்துவிடும். கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. நீங்கள் ஊசியேற்ற நரம்பு தேடினீர்கள், கிடைக்கவில்லை. "கொஞ்சம் பாருங்க நர்ஸம்மா, இன்னொரு தடவ பாருங்க" என்று உங்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். பார்த்தீர்கள். இன்னொரு தடவையும் பார்த்தீர்கள். கடைசியில் நீங்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் கண்ணை மூடியபோதுதான் என் புருஷன் போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அழவும் நேரமில்லாத துக்கம் அது. அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் என் மகள் மங்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். சொல்லி அனுப்பினேன். நீங்கள் ஓட்டமும் நடையுமாக வந்தீர்கள்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. உறவுக்காரர்கள் கொண்டுவந்து வைத்த ஆறின கூழை மாமியார் ஊற்றுத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசல் நிறைய ஜனம். நீங்கள் மங்காவின் நாடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "ஐயோ, யாரும் அதக் குடிக்காதீங்க. அந்தப் பானையக் கவுத்துடுங்க" என்றீர்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொன்னீர்கள். மாமியார் ஒரு செம்பு நிறையக் கூழை மொண்டுகொண்டு உங்கள் எதிரில் வந்து நின்றாள். கத்தவில்லை. அடங்கின குரலில்தான் கேட்டாள்.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கறேன். கூழு வேணாமா, எங்க கை வேணாமா?"

நீங்கள் செம்பைப் பார்த்தீர்கள். "இதுல ஊத்தின தண்ணி காய்ச்சினதா?" என்றீர்கள்.

"சாவு வூட்டுல அடுப்பு ஏது?"

நான் மங்காவை மடியில் போட்டுக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் வீரம் எதுவும் இல்லை அக்கா. பயம்தான் இருந்தது. செம்பில் என்ன இருக்கிறதென்று அங்கே நின்றவர்களில் உங்களுக்கு மட்டுமே தெரியும். கை நீட்டி வாங்கினீர்கள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம்; உயர்ந்த தெருக்காரர்கள் அப்படித்தான் குடிப்பார்கள் என்று எங்களுக்கும் தெரியும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். நீங்கள் வாய் வைத்துக் குடித்தீர்கள். முழுச் செம்பும் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"குடிச்சிட்டேம்மா. இப்ப நான் சொல்றத நீங்க கேக்கறீங்களா?"

மாமியார் வெறுஞ்செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு பானையைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். கூரையில் செருகியிருந்த உலர்ந்த ஓலையை உருவி, சாவு வீட்டு அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தாள். "இன்னா காரியம் பண்ற, அடுக்குமா?" என்று ஒரு கிழவர் அதட்டினார். "எம் பேத்தி கெடக்கறா, நீ போய்யா" என்றாள். அன்றைக்கே தெருவில் பல வீடுகளில் கூரையோலையை உருவினார்கள். மழைக்கு ஒழுகினால் ஒழுகட்டும் என்றார்கள்.

மங்காவை நீங்களே தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனீர்கள். அவளுக்கு நரம்பு கிடைத்தது. உப்புத் தண்ணீர் ஏறியது. அவள் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்று சொன்னபோது நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டீர்கள். அப்போதே உங்கள் உடம்பு சில்லிட்டிருந்தது. நான் கவனித்தேன், ஆனால் என் மகள் பிழைத்த சந்தோஷத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. அன்று மாலை நீங்கள் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே சரிந்தீர்கள்.

அந்தக் கூழ்தான் உங்களைக் கொன்றதா என்று எனக்குத் தெரியாது. நோயாளிகளின் துணியை நீங்கள்தான் அலசினீர்கள், வாந்தியை அள்ளினீர்கள். எதிலிருந்து வந்திருந்தாலும் வந்திருக்கும். கம்பவுண்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் என் மாமியாரிடம் போய் அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

உங்களுக்கும் ஊசி ஏற்றினார்கள். உடம்பு பிடித்துக்கொள்ளவில்லை. நான் கால்மாட்டில் உட்கார்ந்து கெண்டைக்கால் பிடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். ஆற்றாமையில் கேட்டுவிட்டேன்: "தெரிஞ்சே ஏன் குடிச்சீங்க?"

"குடிக்கலன்னா உங்க அத்த அடுப்பு மூட்டியிருப்பாங்களா?"

நான் மறுபடி காலை நீவினேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "பயமா இருக்குதுடி. எங்க அம்மாவுக்கு ஆள் அனுப்பறியா?" என்றீர்கள். அதுவரை எங்கள் யாரையும் நீங்கள் டி போட்டுப் பேசினதில்லை.

ஆள் அனுப்பினோம். அம்மா வரவில்லை. உங்கள் சாயலில் ஒருவர் வந்து, ரோட்டோரப் புளியமரத்தடியில் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கொட்டகை வரைக்கும் வாருங்கள் என்று கம்பவுண்டர் எவ்வளவோ கெஞ்சினார். உங்கள் உயிர் அடங்கின சேதியைக் கேட்டதும் அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதபடியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். உங்கள் சவப்பெட்டியை எங்கள் சேரி ஆண்கள் சுமந்தார்கள். குழியில் மண் போட மாமியாரும் வந்தாள். ஒரு பிடி போட்டாள். போட்ட கையைப் பார்த்துக்கொண்டே நின்றவளை, மற்றவர்கள் போன பிறகு நான்தான் அழைத்துவந்தேன். அதற்கப்புறம் அவள் சாகும்வரை யாருக்கும் தன் கையால் கூழ் கரைத்துக் கொடுக்கவில்லை. கேட்டால், "நீயே கரைச்சிக்கோ" என்று பானையை நகர்த்துவாள்.

நோய் அந்த மாதத்தோடு எங்கள் தெருவை விட்டது. உயர்ந்த ஜனங்கள் இருந்த மேல்தெருவில் இன்னும் கொஞ்ச நாள் பிணம் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் மங்காவோடு வேலூருக்கு வந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். அரக்கோணம் பக்கமோ காவேரிப்பாக்கம் பக்கமோ வாந்தி பேதி என்று சேதி வந்து வண்டி கிளம்பினால் நானும் ஏறிக்கொள்கிறேன். சேரிகளில் வெயிலில் வந்தவளென்று செம்பை நீட்டுகிறார்கள். தண்ணீர் காய்ச்சினதா என்று கேட்கிறேன். இல்லையென்றால் வேண்டாம் என்கிறேன். யாருக்கும் முகம் சுருங்குவதில்லை. "நம்ம பொண்ணுதான், ஆஸ்பத்திரிக்குப் போய் பயந்துக்கினு வந்திருக்குது" என்று சிரிக்கிறார்கள். ஏன் வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றால் அது தண்ணீரைச் சொன்னதாக மட்டுமே இருக்கிறது. உங்களால் அப்படி ஒரு வேண்டாம் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு முன்னால் எங்கள் கை பட்டதை வேண்டாம் என்றவர்கள் அத்தனை பேரும் உங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். மேல்தெருக்களில் எனக்கு யாரும் எதையும் நீட்டுவதில்லை. அங்கே நான் தள்ளி நின்று சொல்லிவிட்டு வருகிறேன்.

வண்டியில் திரும்பி வரும்போதெல்லாம் உங்களோடு சண்டை போடுகிறேன். நீங்கள் அதைக் குடித்திருக்கக் கூடாது அக்கா. அடுத்த நிமிஷமே, குடிக்காமல் போயிருந்தால் நாங்கள் உங்களை நம்பியிருக்க மாட்டோம், என் மகளை உங்கள் கையில் கொடுக்க மாமியார் விட்டிருக்க மாட்டாள் என்றும் தெரிகிறது. மங்கா இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். அவளைப் பார்க்கும்போது நீங்கள் செய்தது சரி என்கிறேன். நீங்கள் பயந்து என் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தால் சரியில்லை என்கிறேன். இரண்டில் ஒன்றை இறக்கி வைக்க முடிந்தால் நடப்பது சுலபமாக இருக்கும். முடியவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் அடுத்த வாசலில் போய் நிற்கிறேன்.