உருண்டைக்கு வயது நான்கு

மார்ச் 4
இன்றும் முட்டை இல்லை. பதினோராவது நாள். தீனி மட்டும் ஒழுங்காக இறங்குகிறது. மகள் படிக்க வெளியூர் போகும்போது இந்தக் காடையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். உருண்டை என்று பெயர் வேறு. துணி தைத்துக் கொடுக்கவே எனக்கு நாள் போதவில்லை.

மார்ச் 6
போனில் மகளின் முதல் கேள்வியே, "உருண்டை முட்டை போடுறாளாம்மா?" அவளுக்குப் பரீட்சை நேரம். "போடுறா, போடுறா" என்றேன். போட்டோ கேட்டாள். கடையில் காடை முட்டை வாங்கி, ஒன்றைக் கூண்டுக்குள் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 9
வெளிச்சம் கூடினால் முட்டை வரும் என்றார் தீனிக்கடைக்காரர். தையல் மிஷின் விளக்கைக் கூண்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். விடிகாலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை எரிகிறது. "அதைத் தூங்க விடமாட்டியா? நல்லா மாமியார் வேலை பாக்குற" என்கிறார் கணவர். வேறு வேலை இல்லை இவருக்கு.

மார்ச் 15
முட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நகம் கொக்கியாக வளைந்து கிடக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போவதற்குள் இரண்டு முறை உட்கார்கிறது. சோம்பேறி என்று திட்டினேன்.

மார்ச் 19
வந்தது முட்டை. ஓடே இல்லை, வெறும் தோல். இதற்கா இத்தனை பாடு?

மார்ச் 20
காலையில் இறகை உப்பிக்கொண்டு மூலையில் கிடந்தது. வால் துடித்தது. அட்டைப்பெட்டியில் வைத்துப் பறவை டாக்டரிடம் ஓடினேன். உள்ளே இன்னொரு முட்டை சிக்கியிருந்ததாம். எடுத்துவிட்டு வயது கேட்டார்.

"நாலு ஆகப்போகுது டாக்டர். முட்டைக்காக ராத்திரி வரைக்கும் லைட் போட்டு வச்சிருந்தேன்."

"காடைக்கு நாலுன்னா கிழவிம்மா. தானா ஓய்ஞ்சவளை லைட்டப் போட்டு மறுபடி வேலைக்கு அனுப்பியிருக்கீங்க."

இரண்டு நாள் தாண்டினால் பிழைப்பாளாம். எனக்கு யார் சொன்னார்கள்? மகள் எழுதிவைத்த காகிதத்தில் தீனி அளவு இருக்கிறது, மணல் குளியல் இருக்கிறது. வயதாகும் என்று ஒரு வரி கிடையாது. தினமும் கண்ணால் பார்த்த எனக்குமா தெரியவில்லை? சீ.

மார்ச் 21
ஊறவைத்த தீனியை விரலில் வைத்துக் கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மார்ச் 22
மூன்று வாய் தின்றாள்.

மார்ச் 24
மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"போட்டோ பாத்தப்பவே தெரியும்மா. உருண்டை முட்டைல பெரிய பெரிய திட்டா இருக்கும். நீ அனுப்புனதுல பொடிப்புள்ளி."

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

"கேட்டா, செத்துட்டான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

இருபது நாளாக அந்தப் பயத்தோடு பரீட்சை எழுதியிருக்கிறாள். கோபம் கோபமாக வந்தது, என் மேல்தான்.

ஏப்ரல் 17
நகம் வெட்டியாயிற்று. கிண்ணத்தைத் தாழ்வாக வைத்து, கீழே பழைய துண்டு விரித்திருக்கிறேன். இன்னும் ஒரு வருடமோ, ஒரு மாதமோ, டாக்டருக்கே தெரியாதாம்.

சாயங்காலம் ஒருவர் கால்சட்டை ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தார், எட்டு மணிக்குள் வேண்டும் என்று. ஆறு மணிக்கு மேல் இந்த அறையில் விளக்கும் கிடையாது, மிஷினும் ஓடாது என்றேன்.

"ஏம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"வீட்டுல வயசானவங்க இருக்காங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நாளைக்கே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.