மூன்று ஞாயிறு பாக்கி

தம்பி,

நேற்று உன் மருமகள், அதுதான் என் மகள், என் மடியில் ஒரு அட்டையைக் கொண்டுவந்து போட்டாள். கோலாலம்பூரில் ஏதோ சின்ன மண்டபமாம். மைக் கிடையாதாம், மூன்று நான்கு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து வாசிப்பார்களாம். மாதத்துக்கு ஒன்று என்று ஒரு வருஷக் கச்சேரிக்கும் சேர்த்து முன்கூட்டியே சந்தா கட்டிவிட்டு வந்திருக்கிறாள், அவளுக்கும் எனக்குமாக. "அம்பாங்கான்ல வீட்டுக்குள்ளயே கெடந்து என்னம்மா செய்யப் போறீங்க, வாங்க லா" என்றாள். நான் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாசிக்கிறவன் நடுவுல போயிட்டா?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆசையாக வாங்கி வந்த பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் சந்தா என்ற சொல்லைக் கேட்டதும் என் வாயில் அதுதான் வந்தது.

அவளுக்கு உன்னைத் தெரியாது. மாமா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். மற்றதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். இத்தனை வருஷம் கழித்தும் உன்னை நினைத்தால் கோபம்தான் முதலில் வருகிறது, அழுகை பிறகுதான். இன்றைக்கு அதை உன்னிடமே கொட்டிவிடுகிறேன். குறுக்கே பேசாமல் கேள்.

ஜப்பான்காரன் வந்து மூன்றாம் வருஷம் அது. சுவாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த நம் தோட்டத்தில் துரையும் இல்லை, வேலையும் பாதி இல்லை. ரப்பர் பால்மரத்துக்கு நடுவே கிடைத்த மண்ணிலெல்லாம் மரவள்ளி நட்டிருந்தோம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். கோணிச் சாக்கை வெட்டித் தைத்துக் கட்டிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் முந்தின வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தையோடு நான் உன்னை நம்பித்தான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் இருந்தேன். வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வயசில் நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை.

பிடில் பைத்தியம் உனக்கு எங்கிருந்து பிடித்ததோ. சண்டைக்கு முன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு சிரம்பானுக்குப் போய் ஒரு கல்யாணக் கோஷ்டியோடு சுற்றிக் கற்றுக்கொண்டு வந்தாய். பட்டணத்தில் சோறு இல்லை என்று ரஹாங்கிலிருந்து இங்கே தன் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆரோக்கியம், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். தன் பெட்டியையும் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். மிருதங்கத்துக்கு நம் லயத்து மாரிமுத்து மாமா. மூன்று பேரும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் வந்து நிற்பார்கள். அது அதோடு நின்றிருக்கலாம். உன் பிடிலின் தந்தி அறுந்தது. சிரம்பானில் ஒருவன் தந்தி வைத்திருந்தான், ஆனால் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு வேண்டாம், தின்கிறதைக் கொடு என்றான். அன்றைக்குத்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. தை பிறந்ததிலிருந்து பங்குனி உத்திரம் வரை ஞாயிறுதோறும் மத்தியானம் கச்சேரி. எல்லாவற்றுக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒரு கூடை மரவள்ளி, முன்கூட்டியே.

பசியில் கிடக்கிறவன் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு பாட்டு விற்கப் போகிறாயா என்று உன்னைத் திட்டினேன். கேட்டாயா? கூடையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனாய். எனக்கு ஆச்சரியம், கொடுத்தார்கள். பெருமாயி இரண்டு கூடை கொடுத்தாள். அவள் புருஷன் காத்தானை முதல் லாரியிலேயே சயாமில் ரயில் ரோடு போடப் பிடித்துப் போய்விட்டார்கள். மூன்று மாசத்தில் திரும்பிவிடுவார்கள் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள், ஒருவனும் திரும்பவில்லை. ஒரு கூடை போதும் என்று நீ சொன்னபோது அவள் விடவில்லை. "அவரு வந்தா கேப்பாருல்ல. அவரு எடமும் இருக்கட்டும்" என்றாள். தந்திக்குப் போக மிச்சக் கிழங்கை மூன்று வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுத் தின்றோம்.

கச்சேரி என் கொட்டகையில்தான். விளக்குக்கு எண்ணெய் கிடையாது, அதனால் பகலிலேயே. உத்தரத்தில் தொங்கும் தூளிகளை ஓரமாகத் தள்ளிக் கட்டிவிட்டுப் பாய் விரிப்போம். தூங்குகிற குழந்தைகளை அப்படியே விட்டுவிடுவோம். அவரவருக்கு ஒரு இடம் என்று ஆகிப்போயிற்று. பெருமாயி தன் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டே உட்காருவாள், கூட்டம் நெருக்கினாலும் யாரும் அங்கே உட்காரமாட்டார்கள். காட்டிலிருந்து கொண்டுவந்த குங்கிலியத்தை நீ வில்லில் தேய்ப்பாய். கடைசி ஆள் உட்காரும்வரை ஆரம்பிக்கமாட்டாய். சந்தா கொடுத்த சபை என்று எனக்குக் கண்ணைக் காட்டுவாய், குறும்பாக. நீ நீலாம்பரியை எடுத்தால் தூளியில் சிணுங்குகிற பிள்ளையும் அடங்கிவிடும். அந்த ஒரு மணி நேரம் யாரும் சோற்றைப் பற்றியோ லாரியைப் பற்றியோ பேசியதில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதை ஒத்துக்கொள்வதால் என் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

மாசி முடிகிற சமயம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயா கொட்டகைப் பக்கம் வந்தார். குழந்தைகளைப் பார்க்க வந்தவர்போல் நின்றுகொண்டு, அடுத்த லாரிக்குக் கல்யாணமாகாத ஆட்களைக் கேட்கிறார்கள், உன் தம்பியும் அதில் உண்டு, எங்கேயாவது அனுப்பிவிடு, நான் சொன்னேன் என்று மூச்சு விடாதே என்றார். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுவாவுக்கு நடந்தேன். நம் தோட்டத்துக்குத் தேங்காய் கொண்டுவரும் மலாய்க்காரர் பக்காரை உனக்கு நினைவிருக்கும். சதுப்புக்கு அந்தப் பக்கம் அவருக்கு டுரியான் தோப்பும் ஒரு குடிசையும் இருந்தன. மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கே வரச் சொல் என்றார். நான் திரும்பியபோது படியிறங்கி வந்து, "ஜங்ஙான் துங்கு, ஜங்ஙான் துங்கு" என்றார், காத்திருக்காதே என்று.

போன உயிர் திரும்பி வந்ததுபோல் ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய்?

"மூணு ஞாயிறு பாக்கி இருக்குக்கா. முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கத்தினேன். லாரி உன் பங்குனி உத்திரத்துக்குக் காத்துக்கொண்டு நிற்குமா என்றேன். ஊரில் யார் உன்னைக் கேட்கப் போகிறார்கள், அவர்களே போ போ என்றுதான் சொல்வார்கள் என்றேன். அதுதான் நிஜமும். மாரிமுத்து மாமாவே வந்து கையைப் பிடித்துச் சொன்னார், போய்விடடா, உயிர் இருந்தால் அடுத்த தையில் வாசிக்கலாம் என்று. நீ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"வாங்கித் தின்னாச்சுக்கா. பெருமாயி ரெண்டு கூடை குடுத்தா. அவகிட்ட எதத் திருப்பிக் குடுக்கிறது, சொல்லு. அவளப் பாதியில விட்டுட்டு ஏற்கெனவே ஒருத்தன் போயிட்டான்."

எனக்குப் பதில் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு வாசித்தாய். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாரும் நிமிர்ந்து உன்னைப் பார்க்கவில்லை. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் நிறுத்துகிறவன் அன்றைக்கு நிறுத்தவே இல்லை. முகாரியில் ஆரோக்கியம் அழுது துருத்தியை விட்டுவிட்டார், சுருதி இல்லாமலேயே நீ மேலே போனாய். நான் கதவோரம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு என் காதில் விழவே இல்லை. லாரிச் சத்தம் கேட்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லாரி புதன்கிழமை வந்தது. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதே வளைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வரக்கூட விடவில்லை. அவித்த கிழங்கை ஒரு துணியில் முடிந்துகொண்டு நான் ஓடிவந்தபோது நீ லாரியின் மேல் நின்றுகொண்டிருந்தாய். கையை நீட்டி வாங்கிக்கொண்டாய். குழந்தை உன்னிடம் தாவியது. அதன் தலையைத் தொட்டாய். என்னிடம் ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன். "ஞாயித்துக்கெழம அவங்க வந்தா உக்காரச் சொல்லுக்கா" என்றாய். அவ்வளவுதான். லாரி கிளம்பிவிட்டது.

வந்தார்கள். அடுத்த ஞாயிறு சொல்லிவைத்தாற்போல் பாயோடு வந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கதவை அடைத்துக்கொண்டு, இங்கே வாசிக்க யாரும் இல்லை, போங்கள், உங்கள் கிழங்கை வேண்டுமானால் வந்து என் தோலை உரித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து கத்தினேன். யாரும் நகரவில்லை. வெளியேயிருந்து பெருமாயியின் குரல் கேட்டது. "பாட்டுக் கேக்க வரலக்கா. எங்களுக்கும் எங்க போறதுன்னு தெரியல" என்றாள். திறந்துவிட்டேன்.

ஆரோக்கியம் சுருதியை மட்டும் பிடித்தார். மாரிமுத்து மாமா கண்ணை மூடிக்கொண்டு, நீ பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதாகவே வைத்துக்கொண்டு மிருதங்கத்தை வாசித்தார். நீ நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். நீ இழுக்கிற இடத்தில் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் கொட்டகையில் ஒரு சத்தமில்லை. பெருமாயியின் பக்கத்தில் ஒரு காலி இடம், மாமாவின் பக்கத்தில் ஒரு காலி இடம். மிச்சமிருந்த இரண்டு ஞாயிறும் அப்படித்தான் முடிந்தன.

சண்டை முடிந்து ஒரு நாள் காத்தான் வந்து சேர்ந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான், ஒரு காலில் ஆறாத புண். பெருமாயி அவனைக் கட்டிக்கொண்டு அழுததை நான் என் வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தான். உன்னோடு ஒரே முகாமில்தான் கடைசியில் இருந்தானாம். பேதி வந்து உன்னை ஒதுக்குக் கொட்டகையில் போட்டிருந்தார்களாம். தண்ணீர் கொண்டுபோனபோது உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லையாம். இன்னும் ரெண்டு ஞாயிறு, இன்னும் ரெண்டு ஞாயிறு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாயாம். பெருமாயி பேரைச் சொன்னாய், மாமா பேரைச் சொன்னாய், லயத்தில் ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொன்னாய் என்றான். என் பேரைச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் நெஞ்சில் கிடப்பது இதுதான், தம்பி. ஒரு வீடு விடாமல் சந்தா வாங்கினாய். என் கூடையைக் கேட்கவே இல்லை. அக்காவிடம் என்ன சந்தா என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாய். கொடுத்தவர்களுக்கெல்லாம் பட்ட கடனுக்கு நின்றாய். நானும் இந்தப் பிள்ளையும் ஓசியில் கேட்டவர்கள், எங்களுக்கு நீ தரவேண்டியது எதுவும் உன் கணக்கில் இல்லை. அதனால்தான் அன்றைக்கு என் பேச்சு எடுபடாமல் போயிற்றோ? இப்போதும் படுத்தால் அன்றைக்கு நாம் பேசிய அதே வாசல்தான் கண்ணுக்குள் வருகிறது. நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாய். நான் கத்தாமல், அழாமல், கொல்லையில் இருக்கிற கிழங்கு அத்தனையையும் பிடுங்கிக் கொண்டுவந்து உன் காலடியில் கொட்டுகிறேன். "நானும் குடுத்துட்டேன்டா. எனக்குப் பாட்டு வேணாம், நீதான் வேணும்" என்கிறேன். நீ எழுந்து சுவாவுக்குப் போகிறாய்.