பாலத்தருகே பாதிப் படம்

ஆகஸ்ட் 3, 1974. இபாதான்

நாளை புறப்பாடு. பேரரசர்கள் படையெடுத்துக் கிளம்பியபோதுகூட இவ்வளவு ஆரவாரம் இருந்திருக்காது. என் பழைய கார் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி இருமிக் காட்டிவிட்டது. ஃபிலிம் சுருள்கள், கறுப்பு அட்டை, கேமரா எல்லாம் ஏற்றியாயிற்று. என் கேமராவின் முன்னால் நின்றால் பாறாங்கல்கூட வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளும்.

போவது ஜோஸுக்கு. அங்கே தகரச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அடிசாவிடம் அவன் மனைவியையும் மகளையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மனைவி நிகே, என் அக்கா மகள். மகள் தைவோ, ஐந்து வயது. அவளோடு ஒரே வயிற்றில் வந்த கெஹிந்தேயும் இருந்தான். மழைக்காலம் தொடங்குமுன் அம்மையில் போய்விட்டான். 'போய்விட்டான்' என்றுதான் எழுதலாம். இரட்டையரில் ஒருவரைப் பற்றி அந்த இன்னொரு சொல்லைச் சொன்னால் மற்றவர் காதில் விழுந்துவிடும்.

அன்றிலிருந்து தைவோ சாப்பிடுவதில்லை. கழுத்தெலும்பு தெரிகிறது.

"வழி நெடுக ரெண்டு பேரையும் சேர்த்துப் படம் எடுக்கணும் மாமா," என்கிறாள் நிகே. "அவனை விட்டுட்டுப் போறோம்னு நெனச்சான்னா இவளையும் கூப்பிட்டுக்குவான். ஏற்கெனவே கூப்பிடுறான்."

இரட்டையருக்கு அடுத்துப் பிறந்ததால் என் பெயர் இடோவு. அந்தப் பெயர்க்காரன் அடங்காதவன், குறும்பன் என்று ஊரே சொல்லும். நானும் ஊரை ஏமாற்றியதில்லை. இன்று மட்டும் வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை.

ஆகஸ்ட் 4. ஓக்போமோஷோ

செய்முறை இதுதான். லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறை. தைவோவைக் கவுனோடு வலப்புறம் நிறுத்தி எடு. ஃபிலிமைச் சுற்றாதே. அட்டையை மறுபக்கம் மாற்று. அவளுக்குக் கெஹிந்தேயின் நீலக் கட்டம்போட்ட சட்டையை மாட்டி இடப்புறம் நிறுத்தி மறுபடி எடு. ஒரே படத்தில் இரண்டு பிள்ளைகள். கடவுளுக்கே ஒரு பிள்ளைக்குப் பத்து மாதம் வேண்டும். எனக்கு இரண்டு சொடுக்கு.

இதை எழுதியபின் அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

"தாத்தா, நான் அவனா நிக்கும்போது சிரிக்கணுமா, முறைக்கணுமா?"

"அவன் எப்படி நிப்பான்?"

"அவன் நிக்கவே மாட்டான். ஓடுவான்."

ஆகஸ்ட் 5. இலோரின்

ஒரு படம் எடுத்தோம். பயறு அரைத்துப் பொரித்த அகாரா இரண்டு தட்டில் வைத்தாள் நிகே: இவளுக்கு ஒன்று, அவனுக்கு மிளகாய் இல்லாமல் ஒன்று. இரண்டையும் ஈதான் தின்றது.

ஆகஸ்ட் 6. மோக்வா

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஜெப்பாவில் நைஜர் ஆற்றுப் பாலத்துக்கு இப்பால் நின்றோம். ரயிலுக்கும் காருக்கும் அங்கே ஒரே பாலம்; ரயில் போகும்வரை நாம் நிற்க வேண்டும். ஆறு பெருகி, உலகத்துத் தண்ணீரையெல்லாம் கடன் வாங்கியதுபோலப் போய்க்கொண்டிருந்தது. தைவோவை வலப்புறம் நிறுத்திப் பாதி எடுத்தேன். "போய்ச் சட்டை மாத்திட்டு வா," என்று காருக்குப் பின்னால் அனுப்பினேன். அட்டையை மாற்றினேன். தோளில் ஒரு கை விழுந்தது. சிப்பாய்.

"யோவ்! பாலத்தைப் படம் எடுக்கக் கூடாதுன்னு தெரியாது?"

"பாலத்தை எடுக்கலைங்க, பிள்ளையை எடுக்கிறேன். அதுலயும் பாதிதான் எடுத்திருக்கேன்."

"பாதியா? அப்ப உன்னையும் பாதி உள்ள, பாதி வெளிய வெக்கட்டா?"

என்னைவிடப் பெரிய வாய். காவல் குடிசைக்கு இழுத்துப் போனான். நிகே பின்னால் ஓடி வந்து, அழுதுகொண்டே இரட்டையர் கதையைச் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றினான். "என் பாட்டனும் இரட்டைதான். போங்க, சீக்கிரம்," என்றான்.

திரும்பி வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. பின்னால் லாரிகள் அலறின. தைவோ கவுனோடு காரில் உட்கார்ந்திருந்தாள். ஏறி, பாலத்தைக் கடந்துவிட்டோம். அக்கரையில்தான் நிகே கேட்டாள்.

"சட்டை எங்கடி?"

"மீன் விக்கிற பையன்கிட்ட குடுத்துட்டேன்."

"ஏன்?"

"கெஹிந்தே இறங்கிட்டான்மா. அவனுக்கு ஆறு பிடிச்சிருக்கு. அந்தப் பையனுக்கு மேலுக்குச் சட்டையே இல்ல."

நிகே அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம். மோக்வா வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கேமராவுக்குள் பாதிப் படம் உட்கார்ந்திருக்கிறது. ஃபிலிமைச் சுற்றினால் இடப்பாதி நிரந்தரமாகக் கறுப்பு. சுற்றாவிட்டால் அடுத்த படம் கிடையாது. இங்கே சந்தையில் அதேபோல நீலச் சட்டை ஒன்று வாங்கினேன். நிகே தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது கடைச் சட்டை மாமா. அவன் சட்டை இல்ல."

தைவோவும் மாட்டேன் என்றுவிட்டாள். மிட்டாய் காட்டினேன். யானைமேல் ஏற்றிக் கூட்டிப்போவேன் என்றேன். யானைக்கு நான் எங்கே போவேன்? அவள் என் காதருகே வந்து சொன்னாள்:

"அவன் சட்டை போட்டாத்தான் அம்மா என்னைப் பாக்குறா."

மூன்று ஊராக அந்தப் பிள்ளையைக் கேமராக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? என்னத்தைப் பார்த்தேன்? டேய் இடோவு, பெரிய படக்காரனா நீ? சட்டைக்குப் பட்டன் போட்டாளான்னு பாத்தே. வெளிச்சம் சரியான்னு பாத்தே. மூஞ்சியைப் பாத்தியாடா?

அவள் உடம்பு லேசாகச் சுடுகிறது. விடிந்ததும் திரும்பிப் போய்ச் சட்டையை வாங்கிவர வேண்டும் என்கிறாள் நிகே. "சட்டை இல்லாம இவளை ஜோஸ் வரைக்கும் உயிரோட கொண்டுபோக முடியாது." நான் என்ன சொல்ல? தைவோ சொன்னதை அவளிடம் சொல்லவா? சொன்னால் நிகே தாங்குவாளா?

ஆகஸ்ட் 7. மறுபடி மோக்வா

சொல்லிவிட்டேன். காரில், ஜெப்பா போகும் வழியில், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னேன். இரண்டு வருடமாக நாடே வலப்பக்கம் ஓட்டுகிறது. என் கார் மட்டும் சோகம் வந்தால் பழைய இடப்பக்கத்துக்கே போகும். எதிரே வந்த லாரிக்காரன் என் ஏழு தலைமுறையையும் ஏசினான். பின்சீட்டில் தைவோ தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாலத்தைத் திரும்பக் கடந்ததும் அதே சிப்பாய் சல்யூட் அடித்தான். "வாங்க பாதிப் படக்காரரே! மீதிப் பாதி கிடைச்சுதா?"

பையனைத் தேட வேண்டியிருக்கவில்லை. லாரிகளின் பின்னால் அவன்தான் எல்லோரையும் முந்தி ஓடிக்கொண்டிருந்தான். தலையில் சுட்ட மீன் தட்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை அவனுக்குச் சின்னது. நடுப் பட்டன் தெறித்துவிட்டது. ஓரமெல்லாம் மீன் எண்ணெய். எங்கள் காரைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அம்மா, மீன் வேணுமாம்மா? இப்பதான் சுட்டது!"

நிகே சட்டையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். கழற்றச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து நான் கதவைத் திறந்தேன். அவள் காலரைச் சரிசெய்தாள். ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது, அதை வெளியே எடுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

"ரெண்டு குடு," என்றாள்.

அதற்குள் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றது. பையன் மீனைக் கொடுத்துவிட்டுப் பறந்துவிட்டான். அவன் ஓடுவதையே பார்த்தாள் நிகே. பிறகு திரும்பி, பின்சீட்டில் கண் விழித்திருந்த தைவோவைப் பார்த்தாள். கவுனோடு, கலைந்த தலையோடு இருந்தவளை. நெற்றியைத் தொட்டாள். முள் எடுத்து ஒரு துண்டு நீட்டினாள். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு வாயைத் திறந்தது.

"சுத்துங்க மாமா," என்றாள் நிகே.

"எதை?"

"ஃபிலிமை."

சுற்றினேன். நான் எத்தனையோ ஆயிரம் முறை சுற்றியிருக்கிறேன். அந்தத் திருகு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆகஸ்ட் 8. கடுனா

காய்ச்சல் இல்லை. ஒரு படம். அட்டை தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 11. ஜோஸ்

படங்களைக் கழுவிப் பிரதி எடுத்தேன். அடிசா மேசைமேல் வரிசையாகப் பரப்பிப் பார்த்தான். ஓக்போமோஷோவில் இருவர். இலோரினில் இருவர். ஜெப்பாவில் வலப்புறம் தைவோவும் பொங்கும் ஆறும், இடப்புறம் வெறும் கறுப்பு. கடுனாவில் தைவோ மட்டும், நட்டநடுவில், கன்னத்தில் சாப்பாட்டை அடக்கிக்கொண்டு.

அடிசா கறுப்புப் பாதிமேல் கட்டைவிரலை வைத்தான்.

"இங்க என்ன ஆச்சு மாமா?"

என் வாழ்நாளிலேயே பெரிய கதை ஒன்றை வழியெல்லாம் கட்டி வைத்திருந்தேன். அதில் ஒரு பட்டாளமும் ஒரு நீர்யானையும் உண்டு. வாயைத் திறந்தேன்.

"அங்க அவன் இறங்கிட்டான்," என்றாள் நிகே.

அடிசா தலையசைத்தான். வெகுநேரம் அசைத்துக்கொண்டே இருந்தான். கறுப்பை வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். இருவரும் சேர்ந்தாற்போல் "வேண்டாம்" என்றார்கள்.

மதியம் நிகே அகாரா பொரித்தாள். ஒரு தட்டுதான் வைத்தாள். தைவோ தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப அவன் பங்கு?"

"அதையும் நீயே சாப்பிடு."

"மிளகாய் இல்லாததா?"

"மிளகாய் இல்லாததுதான். உக்காரு."