டிஸ்பென்சரிச் சுவரில் ராணியின் முகம்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் வெளிச்சுவருக்குப் படம் போட என் பேத்தி நிரோஷாவைத்தான் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்று மாதிரியைத் தாளில் வரைந்து காட்டினாள். கொழுந்துக் கூடையோடு நிற்பது அவளுடைய அம்மா, என் மகள் ராணி. குவைத்துக்கு வேலைக்குப் போனவளைப் பற்றிப் பல வருடமாக ஒரு தகவலும் இல்லை.

"செத்தவங்க படத்தத்தான் புள்ள செவுத்துல வைப்பாங்க. அழிச்சிடு," என்றேன்.

"பஸ் அந்தச் செவுத்துக்கு முன்னாலதானே நிக்குது அம்மாயி. அம்மா எறங்குனா மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் ரப்பரை எடுத்து அழித்தாள்.

ஒரு பக்கமாகக் கோணும் ராணியின் சிரிப்பு அவள் வரைந்திருந்ததில் அப்படியே வந்திருந்தது. எனக்கே அது மறந்துபோயிருந்தது. அழிக்கச் சொல்வதற்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம்.